கருந்துளையும் தகடூர் யாத்திரையும்

1

போன வருஷம் எங்கள் நண்பர் ஒருவர் இறந்துபோனார். தருமபுரியில் இருபது வருஷங்களுக்கு மேலாகக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். அச்சில் வந்தவை பதினைந்துக்குள்தான் இருக்கும். கைப்பட எழுதி வைத்திருந்த மூன்று நோட்டுகள், வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. விஷயம் தெரிந்து நாங்கள் கடையில் போய் விசாரித்தபோது லோடு சேலத்துக்குப் போய் இரண்டு நாளாகியிருந்தது.

இரங்கல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். ஒரு நண்பர் பேசினார். பிரபஞ்சத்தில் தகவல் எதுவும் அழிவதில்லை என்று இன்றைய பௌதிகம் நிரூபித்துவிட்டதாம். கருந்துளைக்குள் விழுந்தது கூட மீண்டு வந்துவிடுகிறதாம். ஆகவே அந்த மூன்று நோட்டுகளும் எங்கோ இருக்கின்றன என்று முடித்தார். பலர் தலையசைத்தார்கள். ஒருவர் அழுதார். நான் ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்த இடத்தில் தர்க்கம் பண்ணுவது நாகரிகமில்லை. ஆனால் அந்தப் பேச்சு பிறகு அஞ்சலிக் குறிப்பாக அச்சிலும் வந்துவிட்டது. அச்சில் வந்தது விமர்சனத்துக்கு உட்பட்டது.

விஞ்ஞானத்திலிருந்து சொற்களை எடுக்கக்கூடாது என்கிற கட்சியைச் சேர்ந்தவனல்ல நான். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டையே தலைப்பாக வைத்துப் பிரமிள் ஒரு கவிதை எழுதினார். அங்கே சமன்பாடு அலங்காரமாக ஒட்டப்படவில்லை, கவிதையின் பார்வைக்குள்ளேயே கரைந்திருந்தது. அதற்குப் பிறகு நம்மிடையே 'குவாண்டம்', 'கருந்துளை', 'பெருவெடிப்பு' என்று வந்தவற்றில் முக்கால்வாசி, முன்பு 'மாயை', 'பிரம்மம்' என்று எழுதிய இடங்களில் பெயரை மாற்றி எழுதியவைதான். 'தகவல் அழிவதில்லை' என்பது இந்த வரிசையில் புதிது. 'ஆத்மா அழிவதில்லை' என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். அந்த வாக்கியம் உண்மையில் என்ன சொல்கிறது, யார் சொன்னது, எந்தச் சண்டையின் நடுவில் சொன்னது என்று பார்ப்பது அவசியம். சண்டையில் ஒரு பகுதி நம் பக்கத்திலேயே, சென்னைத் தரமணியிலும் சிறுசேரியிலும் பெங்களூரிலும் நடந்தது என்பதனால் இன்னும் அவசியம்.

2

பிரச்னையைச் சுருக்கமாக வைக்கிறேன். ஐன்ஸ்டீன் 1915-ல் ஈர்ப்பை வெளியின், காலத்தின் வளைவு என்று சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் வந்த குவாண்டம் பௌதிகம் வெளியையும் காலத்தையும் அசையாத மேடையாக வைத்துக்கொண்டு அதன் மேல் அணுக்களை ஆடவிட்டது. ஒன்றில் மேடையே நெளிகிறது. மற்றதில் ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான் என்பதே நிச்சயமில்லை. தத்தம் எல்லைக்குள் இரண்டும் அசைக்க முடியாதவை. இரண்டும் ஒரே இடத்தில் தேவைப்படுகிறபோதுதான் தகராறு. கருந்துளை அப்படிப்பட்ட இடம்.

1972-ல் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் என்ற இளைஞர், கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு, அது அதன் பரப்பளவைப் பொறுத்தது என்றார். என்ட்ரோபி என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஒரு பொருள், உள்ளே எத்தனை விதமாக இருக்கக்கூடும் என்பதன் கணக்கு. நமக்குத் தெரியாமல் போனதன் அளவு என்றும் சொல்லலாம். 1974-ல் ஸ்டீபன் ஹாக்கிங், கருந்துளை மிக மெல்லிய வெப்பத்தை வெளியிடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். பெக்கன்ஸ்டைனின் அளவும் துல்லியமாயிற்று: பரப்பளவில் கால் பங்கு, இயற்கையின் மிகச் சிறிய அலகுகளில். சூரியன் எடையுள்ள கருந்துளைக்கு விட்டம் சுமார் 6 கிலோமீட்டர். அதன் என்ட்ரோபி 1-க்குப் பின் 77 பூஜ்யங்கள் போட்ட எண்ணின் அளவில் வரும்.

பரப்பளவு என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பானையில் எவ்வளவு தானியம் பிடிக்கும் என்பது பானையின் கொள்ளளவைப் பொறுத்தது, மேல்தோலைப் பொறுத்ததல்ல. இங்கே தோல்தான் அளவு. உருவமா உள்ளடக்கமா என்று வருஷக்கணக்கில் பத்திரிகைப் பக்கங்களை நிரப்பிய நமக்கு இது சற்றுச் சிரிப்பை வரவழைக்கலாம். உள்ளடக்கத்தின் உச்ச வரம்பை உருவத்தின் விளிம்பு தீர்மானிக்கிற ஓர் இடம் பிரபஞ்சத்தில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு உருவவாதிகள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஏன் அப்படி என்பது இன்னும் யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஹாக்கிங் 1976-ல் அடுத்த அடியை வைத்தார். கருந்துளை வெளியிடும் வெப்பத்தில், உள்ளே விழுந்ததன் அடையாளம் எதுவும் இல்லை. கருந்துளை முழுதும் ஆவியாகிப் போனால் விழுந்தது ஏடா கல்லா என்ற வித்தியாசமும் போய்விடுகிறது. குவாண்டம் பௌதிகம் இதை அனுமதிக்காது. அதன் கணக்குப்படி இன்றைய நிலையிலிருந்து நேற்றைய நிலையைப் பின்னோக்கிக் கணக்கிட எப்போதும் முடிய வேண்டும். ஹாக்கிங்கே 2004-ல் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, கட்டியிருந்த பந்தயத்திலும் தோற்றதாக ஒப்புக்கொண்டார். ஒரு மனிதர் பந்தயத்தில் தோற்றது நிரூபணமல்ல. நம் அஞ்சலிக் குறிப்புக்காரர் நிரூபணம் என்று நினைத்தது இதைத்தான் என்று சந்தேகிக்கிறேன்.

3

ஈர்ப்பையும் குவாண்டத்தையும் ஒன்றாக்க முனைந்தவர்களில் இரண்டு பெரிய கட்சிகள். முதலாவது இழைக் கட்சி: ஸ்ட்ரிங் தியரி. துகள் என்று நாம் நினைப்பது மிக நுண்ணிய இழையின் அதிர்வு, ஈர்ப்பும் அந்த அதிர்வுகளில் ஒன்று. கல்கத்தாவில் பிறந்த அசோக் சென் 1995-ல், சில விசேஷக் கருந்துளைகளின் என்ட்ரோபியை இழைகளின் நிலைகளை எண்ணுவதன் மூலம் பெறலாம் என்று வழி காட்டினார். அடுத்த வருஷம் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் அந்தக் கால் பங்கைச் சரியாக எண்ணியே காட்டினார்கள். ஆனால் எண்ணப்பட்டது ஐந்து பரிமாணங்களில், சமச்சீர் நிறைந்த ஒரு கருந்துளை. வானத்தில் இருப்பது அதுவல்ல.

இரண்டாவது கண்ணிக் கட்சி: லூப் என்பார்கள். இதன் மூலவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகர். 1986-ல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளைப் புதிய மாறிகளில் திருப்பி எழுதினார். அதிலிருந்து வளர்ந்த கொள்கையில் வெளியே கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. பரப்பளவைத் தொடர்ந்து நறுக்கிக்கொண்டே போக முடியாது, அதற்கும் ஒரு மிகச் சிறிய துணுக்கு உண்டு. கருந்துளையின் விளிம்பில் அந்தத் துணுக்குகளை எண்ணினால் என்ட்ரோபி வருகிறது. ஆனால் சரியாகக் கால் பங்கு வர வேண்டுமானால் கொள்கையில் உள்ள ஓர் எண்ணைக் கையால் திருகி வைக்க வேண்டும்.

இரு கட்சிகளும் ஒரே விடையைச் சொல்வதைப் பார்த்து, பாதைகள் பல, உண்மை ஒன்று என்று பரவசப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பரவசம் இல்லை. விடை 1974-லேயே தெரிந்திருந்தது. தெரிந்த விடையில் போய் நிற்பது கொள்கைக்கு அவசியமான தகுதி, அவ்வளவுதான். நம் வட்டத்திலும் இது தெரிந்த விஷயம். மௌனியின் ஒரு கதையை நல்ல கதை என்று பத்து விமர்சகர்கள் சொல்லலாம். அந்த ஒற்றுமையிலிருந்து எந்த விமர்சகரின் பார்வையைப் பற்றியும் நமக்கு எதுவும் தெரிவதில்லை. அடுத்த கேள்வி கேட்க வேண்டும். எந்த வரியில் கதை பலவீனப்படுகிறது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் பிரிவார்கள்.

பௌதிகத்தில் அந்த அடுத்த கேள்வி கேட்கப்பட்டது. கால் பங்கு என்பது முதல் உறுப்பு. அதற்கு அடுத்து வரும் சிறு திருத்தம் என்ன? தரமணியில் கணித விஞ்ஞான நிறுவனத்திலிருந்த ரொமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும் கண்ணிக் கட்சியின் வழியில் இதைக் கணக்கிட்டு 2000-ல் வெளியிட்டார்கள். பரப்பளவின் மடக்கையை ஒன்றரையால் பெருக்கிக் கழிக்க வேண்டும் என்பது விடை. முன்கூட்டித் தெரியாத விடை. அதனாலேயே, எனக்குத் தெரிந்தவரை, இந்தத் துறையில் நம் ஊரிலிருந்து வந்த மிகத் தைரியமான வாக்கியங்களில் ஒன்று.

2012-ல், அப்போது அலகாபாத் ஹரீஷ்-சந்திரா நிறுவனத்தில் இருந்த சென் அதே திருத்தத்தை வேறு வழியில் கணக்கிட்டார். அவருடைய வாதம் அழகானது. மடக்கைத் திருத்தம், ஒளி, ஈர்ப்பு போன்ற எடையற்ற புலங்களின் நடத்தையிலிருந்து வருவது. அதைக் காண நுண்ணிய அமைப்பு இழையா கண்ணியா என்று தெரிய வேண்டியதில்லை. ஆகவே எந்தக் கட்சியானாலும் இந்த விடையைத் தந்தாக வேண்டும். நுண்ணெண்ணிக்கை தெரிந்த சில விசேஷக் கருந்துளைகளில் இந்த வழி சரியாகவே வந்திருக்கிறது. சுழலாத, மின்னேற்றமில்லாத சாதாரணக் கருந்துளைக்கு அவர் கண்ட விடை, கண்ணிக் கட்சியின் விடையோடு ஒத்துப்போவதாகத் தெரியவில்லை என்று கட்டுரையிலேயே எழுதிவிட்டார். தாங்கள் எண்ணியது விளிம்பின் நிலைகளை மட்டுமே, சுற்றியிருக்கும் புலங்களின் பங்கு தனி என்று எதிர்த்தரப்பு சொல்ல இடமிருக்கிறது. அப்படியானால் அந்தத் தனிப் பங்கையும் அவர்கள் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இப்போதைக்கு என் சார்பு சென்னின் பக்கம்.

வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். சூரியன் எடையுள்ள கருந்துளைக்கு முதல் உறுப்பு 77 பூஜ்யங்கள் கொண்ட எண். கழிக்க வேண்டும் என்று தரமணி சொன்ன திருத்தம் சுமார் 270. எந்தக் கருவியும் எந்தக் காலத்திலும் இதை அளக்கப்போவதில்லை. இருந்தும் இந்த இருநூற்றுச் சொச்சத்தில்தான் ஒரு கொள்கை விழுவதும் நிற்பதும் இருக்கிறது. விமர்சனம் என்பதற்கு இதைவிடக் கண்ணியமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

4

இழை, கண்ணி இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தகவலிலிருந்தே தொடங்கலாம் என்கிற மூன்றாவது மனப்போக்கு ஒன்று வளர்ந்திருக்கிறது. இதன் வேர் ஜான் வீலர். எல்லாப் பொருளும் அடிப்படையில் ஆம்-இல்லை என்ற விடைகளால் ஆனவை என்பது அவர் கருத்து. 2021-ல் காலமான தாணு பத்மநாபன், புனேயிலிருந்துகொண்டு இதற்குப் பக்கத்தில் ஒரு தனிப் பாதை போட்டார். வெப்பம் எப்படி அணுக்களின் கூட்டு நடத்தையோ அப்படியே ஈர்ப்பும் ஏதோ நுண்ணியவற்றின் கூட்டு நடத்தை, அடிப்படை விசையே அல்ல என்று வாதாடினார்.

டான் பேஜ் 1993-ல் ஒன்று சொன்னார். தகவல் தப்பிப்பதானால் வெளிவரும் வெப்பத்தின் என்ட்ரோபி பாதி வழி ஏறி, பிறகு இறங்கியாக வேண்டும். 2019-ல் இரண்டு குழுக்களின் கணக்குகளில் அந்த இறக்கம் வந்தது. கருந்துளைக்குள்ளே 'தீவு' என்று அழைக்கப்படும் ஒரு பகுதியை வெளி வெப்பத்தின் கணக்கில் சேர்த்ததால் வந்தது. 'நிரூபித்துவிட்டது' என்ற ஆரவாரம் பெரும்பாலும் அப்போது எழுந்தது. 2021-ல் பெங்களூர் கோட்பாட்டு விஞ்ஞான மையத்தைச் சேர்ந்த சுவ்ரத் ராஜுவும் அயல்நாட்டு சகாக்களும், நம்முடையதைப் போல எட்டாத தூரத்துக்கும் எட்டுகிற ஈர்ப்பு உள்ள கொள்கைகளில் அந்தத் தீவுகள் முரண்பாட்டில் முடிகின்றன என்று எழுதினார்கள்.

ராஜுவின் சொந்தத் தரப்பு இதைவிடத் தீவிரமானது. 2020-ல் சிறுசேரி கணிதக் கழகத்தின் அலோக் லத்தாவோடும் வேறு இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதன் கணித வடிவம் இருக்கிறது. ஒரு பொருளின் எடையை அதைத் திறந்து பார்க்காமலே, தூரத்தில் அதன் இழுப்பை அளந்து அறியலாம். இது நியூட்டன் காலத்துச் சங்கதி. குவாண்டம் ஈர்ப்பில் எடை மட்டுமல்ல, உள்ளிருப்பதன் முழு விவரமும் எல்லையில் எப்போதும் பதிவாகியிருக்கிறது என்கிறார்கள். இது சரியானால் ஹாக்கிங்கின் பிழை அவருடைய கணக்கில் இல்லை, தகவலை ஒரு பெட்டிக்குள் பூட்டி வைக்க முடியும் என்ற அவருடைய அனுமானத்தில் இருக்கிறது. தகவல் உள்ளே போய்த் திரும்பி வருவதில்லை. உள்ளே மட்டும் என்று அது ஒருபோதும் இருந்ததில்லை.

நம் நண்பரின் 'மீண்டு வருகிறது' என்ற வாக்கியம், இந்தச் சண்டையில் எந்தக் கட்சியின் பக்கம் நின்று பார்த்தாலும் அரைகுறையானது. கட்சிகள் இன்னும் ஒப்பவில்லை. ஒப்பினாலும் அதில் அவர் தேடிய ஆறுதல் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நான் வேறெங்கும் போக வேண்டாம், இருக்கிற ஊரே போதும்.

5

தருமபுரி பழைய தகடூர். பெருஞ்சேரல் இரும்பொறை இந்த ஊரை முற்றி அதியமானை வென்ற போரைப் பற்றி 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. உரைநடையும் செய்யுளும் விரவிய பழமரபுக் கதைக்கு உதாரணமாகத் தொல்காப்பிய உரையில் பேராசிரியர் அதன் பெயரைச் சொல்கிறார். நூல் தொலைந்துவிட்டது. மிஞ்சியவை, உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டிய சில துண்டுகளும், 'புறத்திரட்டு' என்ற பிற்காலத் தொகை தன் தலைப்புகளுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்ட சில பத்துப் பாடல்களும்தான். உள்ளே இருந்தது போய்விட்டது, விளிம்பில் படிந்தது நிற்கிறது. ராஜுவின் கொள்கைக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது என்று ஒரு மாலை முழுதும் நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு உவமையைச் சோதித்தேன். நிற்கவில்லை. பௌதிகத்தின் எல்லையில் எல்லாமே பதிவாகிறது. தேர்வு கிடையாது. புறத்திரட்டுக்காரர் தேர்ந்தெடுத்தார். அறம், படை என்று தலைப்புக்குள் அடங்கியது தங்கிற்று. தலைப்புக்குள் அடங்காதது, பாடல்களை இணைத்த உரைநடை உட்பட, போயிற்று. கரையான் தின்ற ஏட்டின் ஒவ்வோர் எழுத்தையும் கரையானின் உடலிலிருந்தும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் கொள்கையளவில் திரும்பக் கணக்கிடலாம் என்று குவாண்டம் சொல்லும். கொள்கையளவில் என்ற அந்தச் சொல் எவ்வளவு பெரிய பள்ளத்தை மூடி வைத்திருக்கிறது!

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. 1948-ல் ஷானன் தகவலுக்குக் கணிதம் வகுத்தபோது அர்த்தத்தைத் தெரிந்தே வெளியில் நிறுத்தினார். அந்தக் கணக்கில் எழுத்துகளைக் குலுக்கிப் போட்ட ஒரு பக்கத்துக்கு, நல்ல கவிதை உள்ள ஒரு பக்கத்தைவிடத் தகவல் அதிகம். பௌதிகம் எடுத்துக்கொண்டதும் இந்தத் தகவலைத்தான். அது அழிகிறதா இல்லையா என்பது மகத்தான கேள்வி. ஆனால் அது பாதுகாக்கப்பட்டால், கவிதையும் அதைத் தின்ற கரையானும் ஒரே தராசில் ஒரே எடையாகப் பாதுகாக்கப்படுகின்றன. கவிதை பிழைத்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

அர்த்தம் தங்குகிற விதம் வேறு. இங்கே அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே வாய்பாடு: இன்ன அரசனின் இன்ன ஆண்டு, இன்ன ஊரின் மாட்டு மந்தைக்கு நடந்த சண்டை, இன்னார் மகன் இன்னான் பட்டான். பெயரையும் ஆண்டையும் மாற்றினால் ஒரு கல் இன்னொரு கல்லாகிவிடும். செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லில் மட்டும், மகேந்திரவர்மன் காலத்தது, வாய்பாடு முடிந்த பிறகு இன்னும் ஒன்று இருக்கிறது. செத்த வீரனின் நாய், கோவிவன் என்று பெயர், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். வாய்பாட்டை எல்லாரும் எழுதுவார்கள். அந்த நாயை எழுத, பார்த்தவன் ஒருவன் அங்கே இருந்திருக்க வேண்டும். 77 பூஜ்யங்களுக்கு எதிரே நிற்கும் 270 என்று நான் நினைத்துக்கொள்வது இதை. இதுவும் உவமைதான். ஆனால் இந்த உவமை எதையும் நிரூபிக்க வரவில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டுகிறது.

இழந்தது திரும்பக் கிடைத்த சம்பவமும் இங்கே உண்டு. அசோகனின் கல்வெட்டில் சோழ பாண்டிய சேரரோடு சேர்ந்து வரும் 'சதியபுத' என்பவர் யார் என்று அறிஞர்கள் வெகு காலம் சண்டை போட்டார்கள். 1981-ல் தருமபுரியிலிருந்து வெகு தூரம் கிழக்கே, திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், ஒரு குகைப் பாறையில் தமிழ் பிராமி வரி ஒன்றைத் தமிழகத் தொல்லியல் துறை கண்டெடுத்தது. சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் இருந்தது. தகவல் அழிவதில்லை என்ற தத்துவத்தால் இது கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் உளியெடுத்துக் கல்லில் வெட்டினார். பிறகு யாரோ ஒருவர் வெயிலில் மலையேறிப் போய்ப் பார்த்தார்.

6

பௌதிகர்கள் ஒரு கொள்கையின் அழகில் மயங்கி நிற்காமல், அது எந்த இடத்தில் தோற்கக்கூடும் என்று அதன் ஆதரவாளர்களே தேடிப் போய்க் கணக்கிடுகிறார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது. எடுத்துக்கொள்வதோ அவர்களுடைய பெயர்ச்சொற்களை மட்டும். தோற்க வாய்ப்பே இல்லாத உவமையில் விஞ்ஞானமும் கிடையாது, கவிதையும் கிடையாது. எங்கும் பொருந்துகிற ஆறுதல் அது, துக்க வீட்டில் ஒரு மணி நேரம் செல்லுபடியாகும்.

அந்த ஆறுதலில் எனக்குள்ள கோபம் வேறு காரணத்தால். மூன்று நோட்டுகளும் எங்கோ இருக்கின்றன என்று நம்பிவிட்டால் நாம் தேட வேண்டியதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் அமர்ந்து நகல் எடுத்திருக்கலாமே என்ற குற்ற உணர்வும் வேண்டியதில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவன் நான்.

அவர் எனக்கு எழுதிய கடிதங்கள் பதினொன்று இருக்கின்றன. நான்கில் கவிதை வரிகள் உண்டு. ஒன்றில் ஒரே கவிதையின் இரண்டு வடிவங்கள். அவர் நிறையக் கடிதம் எழுதுகிறவர், இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பலரிடம் இருக்கும். அனுப்பினால் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வரிகள் ஞாபகத்தில் மட்டும் இருந்தால் அப்படியே எழுதி அனுப்புங்கள், சந்தேகமான சொல்லின் கீழ் கோடிடுங்கள். சரிசெய்து அழகாக்க வேண்டாம். தேதி தெரிந்தால் தேதியும்.